ஐந்து நாள் தீனி, ஒரே மாலை

கதவைத் திறந்ததும் மணி ஓடி வரவில்லை. முதல் தடயம் அதுதான். மூன்று மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தாலே முப்பது வருடம் பிரிந்திருந்தவன்போல மேலே விழுந்து பிடுங்குகிற லாப்ரடார் அவன். அன்று கூடத்தின் நடுவில் கால்களை அகட்டி நின்றபடி வாலை மட்டும் இரண்டு முறை ஆட்டினான். பக்கவாட்டில் பார்த்தால் நான்கு கால் முளைத்த பீப்பாய். அவனுக்குப் பின்னால் சாமான் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே உலர் தீனிப் பை கிழிந்து, குப்புறக் கிடந்தது.

அந்தக் கதவைச் சரியாகத் தாழிடாதது நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று வீட்டில் நடந்த விசாரணையில் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று வைத்தியம் தோன்றியது. "உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்று, எல்லாம் வெளியே வந்துவிடும்" என்றாள் அக்கா. "பாவம், தொண்டை அடைத்திருக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வை" என்றார் அப்பா. நான் ஏற்கெனவே கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்திருந்தேன். நன்றாக ஓடவிட்டால் செரித்துவிடும் என்பது என் கணக்கு. மூன்றும் தவறு. நல்லவேளையாக எங்களுக்குள் யார் சொல்வது சரி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், எதையும் செய்யாமலே பத்து நிமிடம் போயிற்று. அதற்குள் கால்நடை மருத்துவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

உப்பு ஏன் கூடாது என்பதை அவர் முதலில் சொன்னார். வாந்தி வரவழைக்கும் அளவுக்கு உப்பைக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறும். அது மூளையைத் தாக்கினால் நடுக்கம், வலிப்பு என்று போய், நாய் தின்ற தீனியால் இல்லாமல் நாம் கொடுத்த வைத்தியத்தால் சாகக்கூடும். வீட்டில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவதும் அப்படித்தான். உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும், நுரையீரலுக்குள் போனால் வேறு ஆபத்து. வாந்தி எடுக்கவைக்க வேண்டுமா என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அதற்கான மருந்தும் அவரிடம்தான் இருக்கிறது. தண்ணீரை மொத்தமாக வைத்தால், உலர் தீனி அதை உறிஞ்சிக்கொண்டு வயிற்றுக்குள்ளேயே இன்னும் ஊதும். ஆகவே சில மடக்குகள், இடைவெளி விட்டு மறுபடி சில மடக்குகள். ஓட்டம், குதிப்பு, பந்து விளையாட்டு எதுவும் அன்று கிடையாது. மெதுவாகப் பத்து நிமிடம் நடத்திக்கொண்டு போனால் போதும்.

பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்ன தின்றான், எவ்வளவு தின்றான், எப்போது, அவன் எடை என்ன. நான் ஒவ்வொன்றுக்கும் மழுப்பினேன். "நிறையத் தின்றிருக்கிறான் டாக்டர்." "நிறைய என்றால்?" "மிகவும் நிறைய." மறுமுனையில் சிறிது மௌனம். "பையில் மீதி இருப்பதை எடை போட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

குளியலறை எடைக்கருவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். பை பத்துக் கிலோ. திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, நாள் ஒன்றுக்கு 350 கிராம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எனவே 8.95 கிலோ இருந்திருக்க வேண்டும். தரையில் சிதறியதையும் கூட்டி அள்ளிப் போட்டபின் 7.3 கிலோ இருந்தது. அதாவது 1.65 கிலோ அவனுக்குள் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து நாள் தீனி. எண்ணைச் சொன்ன பிறகுதான் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. ஆனால் மருத்துவரின் குரல் அந்த எண்ணைக் கேட்டதும் மாறியது. பதற்றத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது, 1.65 கிலோவை வைத்துக்கொண்டு யோசிக்க முடியும்.

இன்னொரு வேலையும் கொடுத்தார்: பையின் கிழிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னார். அக்கா தரையில் உட்கார்ந்து, குழந்தைகள் படத்துண்டுகளைப் பொருத்துவதுபோல பிளாஸ்டிக் உறையைப் பொருத்தினாள். உள்ளங்கை அகல ஓட்டை ஏதாவது மிஞ்சினால் அதுவும் வயிற்றுக்குள் இருக்கிறது என்று பொருள். தீனி எப்படியும் கரையும், பிளாஸ்டிக் குடலை அடைக்கும். எல்லாத் துண்டும் பொருந்தியது.

அதற்குப் பிறகு வந்த கேள்விதான் இந்தப் பதிவை நான் எழுதுவதற்குக் காரணம். "வாந்தி எடுக்கிறானா, ஓங்கரிக்கிறானா?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை. அளவுக்கு மீறித் தின்ற நாய் வாந்தி எடுத்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. உள்ளே போன வழி திறந்திருக்கிறது என்று தெரிகிறது. ஓங்கரிக்கிறது, உடம்பு முழுவதும் குலுங்குகிறது, ஆனால் கொஞ்சம் நுரை எச்சிலைத் தவிர ஒன்றும் வெளியே வரவில்லை என்றால், வழி அடைபட்டிருக்கலாம். வாயுவாலும் தீனியாலும் உப்பிய இரைப்பை தன் அச்சில் திரும்பி முறுக்கிக்கொள்ளும்போது மேல்வாயும் கீழ்வாயும் மூடிக்கொள்கின்றன. உள்ளே சேரும் வாயு வெளியேற இடமில்லை. பலூன்போல ஊதும் இரைப்பை, வயிற்றிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு ரத்தம் வராவிட்டால் உடம்பு முழுவதும் அதிர்ச்சி நிலைக்குப் போகும். இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கும். சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அறுவை சிகிச்சை ஒன்றே வழி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் பார்ப்பதற்கு நாய் இருக்காது.

அதற்கான அறிகுறிகளை அவர் சொல்லச் சொல்ல நான் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வராத ஓங்கரிப்பு. நூல்நூலாக வடியும் எச்சில். ஓரிடத்தில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடப்பது. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. வெளுத்த ஈறு. தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும் வயிறு. மணியின் வயிறு தட்டினால் மாவு மூட்டைபோல மந்தமாக இருந்தது. ஈறு இளஞ்சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பியது. இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்றார். மார்பு ஆழமான பெரிய இனங்களுக்கு இந்த முறுக்கு அதிகம் வரும். கிரேட் டேனுக்கு மிக அதிகம், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. லாப்ரடார் பட்டியலின் உச்சியில் இல்லை, ஆனால் வெளியிலும் இல்லை.

எக்ஸ்ரே எடுக்க வலப்பக்கமாகப் படுக்கவைத்தார்கள். முறுக்கு இருந்தால் இரைப்பை நடுவில் ஒரு மடிப்பு விழுந்து இரண்டு அறைகளாகப் பிரிந்ததுபோலத் தெரியுமாம். மணியின் படத்தில் ஒரே அறைதான். அதற்குள் ஜல்லி கொட்டியதுபோல உருண்டை உருண்டையாகத் தீனி. அத்தனையையும் படமாகப் பார்த்தபோது, கோபம் போய் ஒருவித மரியாதை வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முறுக்கு இல்லை, வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அன்றிரவு நான் அவன் பக்கத்தில் தரையில் படுத்தேன். தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் வயிற்றைச் சுற்றி அளந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டேன். சுற்றளவு ஏறினால் புறப்பட வேண்டும் என்பது திட்டம். ஒன்பது மணிக்கு இருந்த அளவே நள்ளிரவிலும் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டியபோது சிரித்தார், ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார். நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கவலைப்படுவதைவிட அது எவ்வளவோ பயனுள்ளது என்று நினைக்கிறேன். மணியின் முகத்தில் அன்றிரவு முழுவதும் ஒரே ஒரு சேதிதான் இருந்தது: மீதி 7.3 கிலோ எங்கே?

மறுநாள் காலை உணவை நிறுத்தினோம். மதியம் வழக்கமான அளவில் கால் பங்கு, இரவு பாதி. இடையில் தோட்டத்துக்கு அவன் போய்வந்த தடவைகளை விவரிக்கப் போவதில்லை. இரண்டு நாள் கழித்தும் கவனம் தேவை என்று சொல்லியிருந்தார்கள். குறிப்பாக, தின்றது கொழுப்பு மிகுந்த உணவாக இருந்தால் ஓரிரு நாள் கழித்துக் கணையம் வீங்கிக்கொள்ளலாம். முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பகுதியை மட்டும் உயர்த்தி, கும்பிடுவதுபோல நாய் நின்றால் அது விளையாட்டு அழைப்பாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. வாந்தியும் சோர்வும் சேர்ந்திருந்தால் வயிற்று வலி.

அவன் தின்றது அவனுடைய தீனியாக இருந்ததால் இவ்வளவோடு போயிற்று. அதே அறையில் மேல்தட்டில் இருந்த சாக்லேட்டோ உலர்திராட்சையோ ஆகியிருந்தால் இது வேறு பதிவு. அவற்றில் "வயிறு உப்பியிருக்கிறதா" என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அளவும் கொஞ்சம் போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று தரைமட்டமாக்கிவிடும். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு இன்னும் விசித்திரமானது: வயிற்றுச் சூட்டில் அது பொங்கிக்கொண்டே போகும், கூடவே நொதித்துச் சாராயமும் உண்டாக்கும். நாய் வயிறு வெடிக்கும் நிலையிலும் போதையிலும் ஒரே நேரத்தில் இருக்கும். இவற்றில் எதுவானாலும் அறிகுறிக்குக் காத்திராமல் போனை எடுக்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாகசக் கதையாகவே இருந்திருக்கும். முடியவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரேக்கு முன் மணியை எடைமேடையில் ஏற்றினார்கள். 37.6 கிலோ. வயிற்றில் இருந்த 1.65 கிலோவை மனதிற்குள் கழித்துக்கொண்டு ஆறுதல் தேடினேன். அப்படியும் 36. மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து மணியின் விலாவில் வைத்தார். "எலும்பு தெரிகிறதா?" அழுத்தித் தேட வேண்டியிருந்தது. பிறகு என் கையையே பயன்படுத்திச் சொன்னார். விரல்களை நீட்டி, புறங்கையின் மேல் மற்ற கை விரலால் தடவினால் எலும்புகள் மெல்லிய தோலுக்கு அடியில் தெரிகின்றன அல்லவா, நாயின் விலா அப்படி இருக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல இருந்தால் அதிக எடை. கையை முஷ்டியாக மடக்கி விரல் மூட்டு மேடுகளைத் தடவுவதுபோல இருந்தால் மெலிந்துவிட்டது. மணி சந்தேகமில்லாமல் உள்ளங்கை. ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 7 போட்டார். நான்கு, ஐந்துதான் சரியான இடம். அவன் எலும்புக்கூட்டுக்கு 30 கிலோ போதும் என்றார்.

ஒரு மாலையில் ஐந்து நாள் தீனியைத் தின்றதற்காக அவனை எல்லோரும் திட்டினோம். மீதி ஆறு கிலோவை அவன் திருடவில்லை. நாங்கள் கையால் ஊட்டியிருந்தோம்.

வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தபோது சங்கடமாக இருந்தது. காலையில் நான் 175 கிராம் வைக்கிறேன். கிராம் என்று சொல்கிறேனே தவிர அது ஒரு பழைய குவளை; தராசில் வைத்துப் பார்த்தால் ஒருநாள் 160, ஒருநாள் 210. மாலை அக்கா வைக்கிறாள், அவள் குவளை வேறு. நான் வைத்தது தெரியாமல் அவளும், அவள் வைத்தது தெரியாமல் நானும் இரண்டு தடவை வைத்த நாள்கள் உண்டு. மணி ஒருபோதும் எங்களைத் திருத்தியதில்லை. அப்பாவின் கணக்கு தனி. சாப்பாட்டு மேசையில் அவர் இடது கை எப்போதும் மேசைக்குக் கீழே இருக்கும். கேட்டால், "எப்படிப் பார்க்கிறான் பார், பாவம்" என்பார்.

அந்தப் பார்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாயின் மூதாதையான ஓநாய்க்கு அடுத்த வேட்டை எப்போது என்று தெரியாது. கிடைத்த அன்று வயிறு கொள்ளுமட்டும் தின்றுவிட வேண்டும். அந்தப் பழக்கம் எல்லா நாயிலும் ஓரளவு மிச்சம் இருக்கிறது. லாப்ரடாரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போன லாப்ரடார்கள் ஏறக்குறைய நான்கில் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். சாப்பிட்டாயிற்று, போதும் என்று மூளைக்குச் சொல்லும் சேதிகளில் சில அந்த மரபணுவிலிருந்து வருபவை. 2024இல் அதே குழு இன்னும் நுட்பமாகப் பார்த்தது. அந்த மரபணு மாற்றம் உள்ள நாய்கள் ஒரே வேளையில் மற்றவற்றைவிட அதிகம் தின்னவில்லை. ஆனால் இரண்டு வேளைக்கு நடுவில் அவற்றுக்குப் பசி சீக்கிரம் திரும்பியது. போதாக்குறைக்கு, சும்மா படுத்திருக்கும்போது அவை எரிக்கும் ஆற்றலும் கால்வாசி குறைவு. பசி கூட, செலவு குறைவு. பாவம் என்று அப்பா சொன்னது ஒருவகையில் சரிதான். அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே பசிக்கிறது, உண்மையிலேயே தேவையில்லை. மணிக்கு அந்தப் பரிசோதனையை நாங்கள் செய்யவில்லை. செய்திருந்தாலும் தீனியின் அளவு மாறப்போவதில்லை.

அப்பாவை மசியவைத்தது வேறொரு ஆய்வு. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால்வாசி குறைத்து மற்றதுக்குக் கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. நிறையத் தின்றவை 11.2 வருடம், குறைவாகத் தின்றவை 13 வருடம் என்பது இடைநிலை ஆயுள். மூட்டு நோயும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. இதைச் செய்தது பியூரினா என்ற தீனி நிறுவனம் என்பது எனக்குப் பிடித்த பகுதி. தன் சரக்கைக் குறைவாகப் போட்டால் நாய் நெடுநாள் வாழும் என்று தானே செலவழித்து நிரூபித்திருக்கிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒன்றே முக்கால் வருடமா?" என்றார். 1.8 என்று திருத்தினேன்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு மருத்துவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். இருக்க வேண்டிய எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75ஆம் அடுக்கை 70ஆல் பெருக்கினால், படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கிலோ கலோரி கிடைக்கும். 30 கிலோவுக்கு அது சுமார் 900. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் தீனியில் 100 கிராமுக்கு 360 கிலோ கலோரி. ஆக நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த 350 கிராம் 1,260. மேசைக்குக் கீழே போனது கணக்கில் வராது. தின்பண்டத்துக்குப் பத்து சதவிகிதம் ஒதுக்கி, மீதியைத் தீனியாக்கினால் 225 கிராம். தராசில் அதைக் கண்டபோது எங்கள் மூவருக்குமே கை நடுங்கியது. கிண்ணத்தின் அடி தெரிந்தது.

குறைத்த முதல் இரண்டு வாரங்கள் கொடுமையானவை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவன் கிண்ணத்தை நக்கி நக்கிக் கூடம் முழுவதும் தள்ளிக்கொண்டு போவான். உதவியது இரண்டு விஷயங்கள். ஒன்று, அதே 225 கிராமைக் கிண்ணத்தில் போடாமல் புல்லில் சிதற விட்டது. நாற்பது நொடியில் முடிந்த வேலைக்கு இருபது நிமிடம் மோப்பம் பிடிக்க வேண்டியதாயிற்று. மழை நாளில் மேடுபள்ளம் வைத்த கிண்ணம். வேக வேகமாக விழுங்குவதும், நாள் முழுத் தீனியை ஒரே வேளையில் கொடுப்பதும் வயிற்று முறுக்குக்கான ஆபத்தைக் கூட்டுபவை என்பதால் இதில் இரட்டை லாபம். மற்றொன்று, அப்பாவுக்கென்று ஒரு சிறிய டப்பா. அன்றைய பத்து சதவிகிதம் முழுவதும் அதில்தான் இருக்கும். எப்போது, எப்படிக் கொடுப்பது என்பது அவர் உரிமை, தீர்ந்தால் தீர்ந்தது. இடது கைக்கு வேலையும் போகவில்லை, மணிக்குக் கூடுதலாக ஒரு துளியும் போகவில்லை. எட்டு மாதமாக அவர் எண்ணி எண்ணிக் கொடுப்பதைப் பார்த்தால் கருமி என்றே சொல்லத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் இடையில். வழக்கமாக அளவாகத் தின்னும் நாய் திடீரென்று பேயாய்த் தின்ன ஆரம்பித்தால் உணவைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். தின்றும் மெலிந்துகொண்டே போகிறது என்றால் நீரிழிவோ, கணையம் செரிமான நீரைச் சுரக்காததோ, குடல் புழுவோ இருக்கலாம். தண்ணீரும் அதிகம் குடித்து, வயிறு தொங்கி, முடி உதிர்ந்தால் குஷிங் என்ற சுரப்பி நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டாலும் பசியைத் தூண்டும். வயதான நாய் சாப்பிட்டதையே மறந்துவிட்டு மறுபடி வந்து நிற்பதும் உண்டு. அதைத் திட்டுவதில் பொருளில்லை.

வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவிகிதம் குறைவது சரியான வேகமாம். மணிக்கு அது 360 முதல் 720 கிராம். எங்கள் நிஜம் அவ்வளவு ஒழுங்காக இல்லை. இரண்டு மாதம் அழகாக இறங்கினான், பிறகு ஐந்து வாரம் அசையவே இல்லை. விருந்தினர் வந்த ஒரு வாரத்தில் 400 கிராம் ஏறினான். யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் எனக்கு அக்காவின் பையன்மேல் சந்தேகம். எட்டு மாதத்தில் 31.2 வந்திருக்கிறான். தீனி இப்போது திருகு மூடி போட்ட டிரம்மில் இருக்கிறது. சாமான் அறைக் கதவில் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று, முதல் தாழ்ப்பாளில் கோளாறு என்று சொல்லி.

மாதம் ஒருமுறை எடை பார்க்கப் போகிறோம். முதலில் அவனைத் தூக்கித்தான் எடைமேடையில் வைக்க வேண்டியிருந்தது. இப்போது வாசலைத் தாண்டியதும் பட்டையை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தானே ஏறி நிற்கிறான், எண் நிலைக்கும்வரை அசைவதில்லை. அவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன். ஏறி அசையாமல் நின்றால் அங்கே இருக்கும் உதவியாளர் ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா டப்பாவைத் திறந்து, அன்றைய பங்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திரும்ப டிரம்மில் போட்டார்.